நான்காவது வரிசையில் ஓட்டை

எனக்குச் சிவப்புக்கும் பச்சைக்கும் வித்தியாசம் தெரியாது. இரண்டும் வெளுத்துப்போன பழுப்பாகத்தான் தெரியும். பிறவியிலேயே அப்படி. சிக்னலில் எரிவது மேல் விளக்கா கீழ் விளக்கா என்று பார்த்து வண்டி ஓட்டுகிறேன். தக்காளி வாங்க என் மனைவி ஜானு போவாள். நாற்பத்து மூன்று வருஷம் இப்படியே ஓடிவிட்டது. தொல்லை வேலையில்தான். அடையாறில் ஒரு மருந்துக் கடைக்கு மேலே ஸஹானா நடத்தும் சின்னக் கம்பெனியில் இருக்கிறேன். கடைகளும் கிளினிக்குகளும் கொண்டுவந்து கொட்டும் கணக்கற்ற எண்களைக் கூட்டி அள்ளிப் படமாக்கித் தருவது எங்கள் பிழைப்பு. படம் என்றால் எல்லோருக்கும் ஹீட்மேப்தான் வேண்டும். கட்டம் கட்டமாக ஒரு பலகை, ஒவ்வொரு கட்டத்துக்குப் பின்னாலும் ஒரு எண்; எண் பெரிதானால் கட்டம் பச்சை, சிறிதானால் சிவப்பு. எண்ணை எண்ணாகவே எழுதித் தொலைத்தால் என்ன என்று கேட்டால், கஸ்டமருக்குப் படிக்க நேரமில்லை என்பார்கள்.

ஆகவே பைத்தானில் எனக்கென்று இருபது வரியில் ஒரு புரோகிராம் எழுதி வைத்திருக்கிறேன். ஹீட்மேப்பை அதற்குள் தள்ளினால் வரிசை வரிசையாகப் பிய்த்துப் போடும். ஒரு வரிசைக்கு ஒரு சின்னப் படம், அதில் கட்டத்துக்கு ஒரு கம்பி. எண் பெரிதானால் கம்பி உயரம், அவ்வளவுதான். பன்னிரண்டு வரிசை என்றால் பன்னிரண்டு படம், ஒன்றின் கீழ் ஒன்று. ஒரு விஷயத்தில் மட்டும் ஜாக்கிரதை வேண்டும். அளவுகோலைப் பூட்டாமல் விட்டால் ஒவ்வொரு படமும் தன் இஷ்டத்துக்கு நீட்டிக்கொள்ளும். இரண்டும் இருநூறும் ஒரே உயரத்தில் நிற்கும். எல்லா வரிசைக்கும் ஒரே அளவுகோல் என்று ஒரு வார்த்தை சேர்த்துவிட்டால் ஒழுங்காக இருக்கும். ஆபீசில் இதற்கு என் பேரையே சேர்த்து 'அச்யுத் கம்பி' என்று பேர் வைத்திருக்கிறார்கள். கேலி செய்துவிட்டுப் போகட்டும். எந்த ஹீட்மேப் வெளியே போவதானாலும் கம்பியில் ஏற்றி, மேலிருந்து கீழ்வரை ஒரு வரிசை விடாமல் பார்த்த பிறகுதான் அனுப்புவேன். அந்தத் திமிர் எனக்கு உண்டு.

ஆடித் தள்ளுபடி முடிந்த கையோடு தி. நகர் ஜவுளிக்கடை ஒன்றிலிருந்து வேலை வந்தது. ஐந்து மாடிக் கடை. எந்த மாடியில் துணி எடுத்தாலும் பணம் கட்டிவிட்டுக் கீழே வந்து டெலிவரி கவுண்டரில் பில்லை நீட்டிப் பையை வாங்கிக்கொள்ள வேண்டும். அங்கே பன்னிரண்டு பெண்கள் நிற்கிறார்கள். ஒவ்வொருத்திக்கும் நம்பர் ஒட்டிய ஒரு கை ஸ்கேனர். பில்லை ஸ்கேன் செய்து, துணியைச் சரிபார்த்து, பையில் போட்டுக் கொடுப்பது வேலை. கூட்டம் குறைந்துவிட்டதால் பன்னிரண்டு பேர் வேண்டாம், பதினொன்று போதும் என்று முதலாளி சொல்லிவிட்டார். யாரை நிறுத்துவது என்பதற்கு ஒரு படம் வேண்டும் என்று மேனேஜர் அய்யாதுரை கேட்டார். திருநெல்வேலிப் பக்கத்துக்காரர், முப்பது வருஷமாக அதே கடை. மூன்று மாத ஸ்கேன் பதிவுகளை அனுப்பி வைத்தார். பன்னிரண்டு வரிசை, காலை பத்திலிருந்து இரவு ஒன்பது வரை மணிக்கு ஒரு கட்டம்.

படத்தை ஸஹானாவே போட்டு அனுப்பிவிட்டாள். அன்று என் மாமனாருக்குத் திவசம், நான் லீவு. மறுநாள் புதன்கிழமை ஆபீஸுக்குப் போனபோது எல்லாம் முடிந்திருந்தது. ஒன்பதாவது வரிசைதான் சிவப்பு என்று அவள் விரலை வைத்துக் காட்டினாள். ஒன்பதாம் நம்பர் ஸ்கேனர், பேர் மணிமொழி. சனிக்கிழமை கூப்பிட்டுச் சொல்லிவிடுவதாக அய்யாதுரையிடமிருந்து பதிலும் வந்துவிட்டதாம். நான் பார்க்காமல் ஒன்று வெளியே போய்விட்டதே என்ற எரிச்சலில், பழக்கதோஷத்தில், அதைக் கம்பியில் ஏற்றினேன்.

ஒன்பதாவது வரிசை காலையில் மற்றவர்களைப் போலவே நிமிர்ந்து நின்றது. பன்னிரண்டு மணிக்குத் தரையோடு தரையாகி, நான்கு மணி வரை எழுந்திருக்கவே இல்லை. அப்புறம் பழையபடி உயரம். நடுவில் ஐந்திலிருந்து ஏழு வரை மட்டும் கொஞ்சம் மெலிவு. சரி, மத்தியானத்தில் எங்கேயோ போய்த் தூங்குகிறாள் என்றுதான் நானும் நினைத்தேன். பிறகுதான் மற்ற பதினொரு வரிசையும் கண்ணில் பட்டது. காலை பத்திலிருந்து இரவு ஒன்பது வரை பல்வரிசை மாதிரி ஒரே சீராக நின்றன. ஒன்றில்கூட ஒரு பள்ளம் இல்லை. மாதச் சராசரியில் பள்ளம் அமுங்கிப்போயிருக்கலாம் என்று ஒரே ஒரு நாளை எடுத்துப் போட்டேன். இன்னொரு நாள், இன்னொரு நாள் என்று பத்து நாள் போட்டேன். பதினொரு பேரும் பதினொரு மணி நேரம் இடைவிடாமல் ஸ்கேன் செய்துகொண்டே இருந்தார்கள்.

ஸஹானாவைக் கூப்பிட்டுக் காட்டினேன்.

"இவங்க பதினொரு பேரும் சாப்பிடவே மாட்டாங்களா?"

அவள் குனிந்து பார்த்தாள். பிறகு, படம் போய்விட்டது, கஸ்டமர் சந்தோஷமாக இருக்கிறார், இதில் ஏன் மூக்கை நுழைக்க வேண்டும் என்றாள். தப்பான படத்துக்கு நம் கம்பெனி பேர் இருக்கிறது என்றேன். போய்ப் பார்த்துவிட்டு வரச் சொன்னாள்.

வியாழக்கிழமை பதினொன்றரைக்கு அந்தக் கடைக்குப் போனேன். வீட்டுக்காரிகளை மேல் மாடிக்கு அனுப்பிவிட்டு ஆண்கள் உட்கார்ந்திருப்பதற்காகக் கவுண்டருக்கு எதிரே நாற்காலி போட்டிருப்பார்கள். அதில் ஒன்றைப் பிடித்துக்கொண்டேன். பன்னிரண்டு அடித்ததும் வரிசையின் முதல் பெண் சாப்பிடப் போனாள். ஒன்பதாம் இடத்தில் நின்றவள் தன் ஸ்கேனரைச் சார்ஜரில் மாட்டிவிட்டு, முதல் இடத்துக்கு வந்து அங்கே கிடந்த ஒன்றாம் நம்பர் ஸ்கேனரை எடுத்துக்கொண்டாள். இருபது நிமிஷம் கழித்து முதல் பெண் வந்ததும் இவள் இரண்டாம் இடத்துக்கு நகர்ந்தாள். பிறகு மூன்று. நான் வாட்சைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். பதினொரு பேர், ஆளுக்கு இருபது நிமிஷம், மூன்று மணி நாற்பது நிமிஷம். எல்லோரும் சாப்பிட்டு முடித்தபின் மூன்றே முக்காலுக்கு அவள் தன் டப்பாவை எடுத்துக்கொண்டு போனாள். அதுவரை அவள் கட்டிக்கொடுத்த பைகள் எல்லாம் மற்றவர்கள் பேரில் ஏறியிருந்தன. தான் கட்டியது தன் நம்பரில் ஏறாததால் அவள் வேலை போகப்போகிறது.

நான்கு மணிக்கு அவள் திரும்பி வந்தபோது மாடிப்படிக்குப் பக்கத்தில் நிறுத்திப் பேசினேன். முப்பத்தைந்து வயதுக்குள் இருக்கும். முன்பு அடையாறு ஆற்றோரக் குடிசையில் இருந்தார்களாம், அதைக் காலி செய்து பெரும்பாக்கத்தில் வீடு கொடுத்துவிட்டார்கள், அங்கிருந்து இரண்டு பஸ் மாறி வருகிறாள். உன் நம்பரை விட்டுவிட்டு ஏன் அடுத்தவர் நம்பரில் செய்கிறாய் என்று கேட்டேன். ஒருத்தி போய்த் தன் நம்பரை நிறுத்தி, இன்னொருத்தி தன்னுடையதைக் கொண்டுவந்து மாட்டுவதற்குள் க்யூ வாசல் வரைக்கும் போய்விடுமாம்.

"யாரு நம்பர்ல ஏறுனா இன்னா சார்? கஸ்டமர் கைக்குப் பை போனா சரி."

எனக்கு மனசு கேட்கவில்லை. ஒருத்தியை நிறுத்தப்போகிறார்கள், அது நீதான், சனிக்கிழமை சொல்லப்போகிறார்கள் என்று சொல்லிவிட்டேன். அழுவாள் என்று எதிர்பார்த்தேன். அவள் கவுண்டர் பக்கம் ஒரு தடவை திரும்பிப் பார்த்தாள்.

"ஒர்த்திய நிறுத்துவாங்கன்னு தெரியும். நானுன்னா நானே போறேன் சார். எனக்கு இன்னா, வேற எங்கனா போய் நின்னுக்குவேன். நீ எதுவும் எழுதாத. இங்க எல்லாம் சரியாத்தான் போய்க்கினு கீது."

தன்மானம் என்று நினைத்தேன். ஏழைகள் இப்படித்தான், தங்களுக்காகப் பேச மாட்டார்கள், நாம்தான் பேச வேண்டும் என்று பஸ்ஸில் திரும்பும்போது பெரிய மனுஷன் மாதிரி யோசித்துக்கொண்டு வந்தேன். இப்போது நினைத்தால் என்னை நானே அறைந்துகொள்ளலாம் போல இருக்கிறது.

வெறுமனே போய்ச் சொன்னால் அய்யாதுரை கேட்கமாட்டார், எண் வேண்டும். அந்தக் கடையில் கவுண்டரை விட்டு எங்கே போனாலும் மெஷினில் விரல் வைத்துவிட்டுத்தான் போகவேண்டும், திரும்பி வந்ததும் மறுபடி வைக்கவேண்டும். மூன்று மாத விரல் பதிவுகளைக் கேட்டு வாங்கினேன். என் இருபது வரி புரோகிராமில் இன்னும் எட்டு வரி சேர்த்தேன். ஒரு பெண் விரல் வைத்து வெளியே போயிருக்கும் நேரத்தில் அவள் ஸ்கேனரில் ஏறிய பைகளை அவள் வரிசையிலிருந்து எடுத்து மணிமொழி வரிசையில் சேர்க்க வேண்டும், அவ்வளவுதான் ஏற்பாடு. வெள்ளிக்கிழமை மத்தியானம் ஓட்டினேன். ஒன்பதாவது வரிசையில் பன்னிரண்டு மணிக்குக் கம்பிகள் எழுந்தன. ஒரு மணி, இரண்டு மணி, மூன்று மணி எல்லாம் எழுந்து நின்றன. பன்னிரண்டு பேரில் அவள்தான் முதல். எனக்கு உண்மையிலேயே சந்தோஷம் தாங்கவில்லை. ஸஹானாவைக் கூப்பிட்டுக் காட்டினேன், அவளும் கை கொடுத்தாள். இந்தத் தடவை கலரே வேண்டாம், கம்பியையே அனுப்பலாம் என்றாள். எத்தனை வருஷமாக இந்த வார்த்தைக்குக் காத்திருந்தேன். அப்போதே அனுப்பிவிட்டேன்.

மற்ற வரிசைகளை நான் பார்க்கவில்லை. மேலிருந்து கீழ்வரை ஒரு வரிசை விடாமல் பார்க்கிறவன் என்று பீற்றிக்கொள்கிறவன், அன்றைக்கு ஒன்பதாவது வரிசையை மட்டும் பார்த்தேன்.

சனிக்கிழமை காலை அய்யாதுரையிடமிருந்து போன். நேரில் வாருங்கள், ஒரு காபி சாப்பிடலாம் என்றார். நல்ல சட்டையாகப் போட்டுக்கொண்டு போனேன். முதல் மாடி ஓரத்தில் கண்ணாடி போட்ட சின்ன அறை அவருடையது. என் படத்தைப் பிரிண்ட் எடுத்து மேஜைக் கண்ணாடிக்கு அடியில் வைத்திருந்தார். கலர்ப் படம் பொம்மை சார், இதுதான் சார் ஆதாரம் என்று காது குளிரப் புகழ்ந்தார். முதலாளிக்கே பிடித்துப்போய்விட்டதாம். மணிமொழியை எடுக்க இருந்தோமே, நல்ல வேளை காப்பாற்றினீர்கள் என்றார். மேலே உள்ள நான்கு மாடிக்கும் இதே மாதிரி போட்டுத் தரவேண்டும் என்றார். நான் காபியைக் குடித்துக்கொண்டு எல்லாவற்றுக்கும் தலையாட்டினேன். அப்போதுதான் அவர் பேனா முனையை நான்காவது வரிசையில் வைத்தார்.

"இந்த ஓட்டைய நாங்க பாக்கவே இல்ல சார். தெனமும் அஞ்சுலேந்து ஏழு. கடையில கூட்டம் அலமோதுத நேரம். இந்த அம்மா ஆளே இல்ல. காலையிலயே கணக்குத் தீத்தாச்சு."

குனிந்து பார்த்தேன். நான்காவது வரிசையில் ஐந்து மணிக்கும் ஆறு மணிக்கும் கம்பியே இல்லை. நான் எழுதிய எட்டு வரி ஒழுங்காக வேலை செய்திருந்தது. விரல் வைத்துவிட்டுப் போயிருக்கிறாள், அந்த நேரத்துப் பைகள் அவளிடமிருந்து பிடுங்கப்பட்டு ஒன்பதாவது வரிசைக்குப் போய்ச் சேர்ந்திருக்கின்றன. ஒன்பதாவது வரிசை மாலையில் மெலிந்திருந்தது ஏன் என்று புதன்கிழமையே கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை. நான்காம் நம்பர் யார் என்று இப்போது கேட்டேன். தேவானை என்றார். ஐம்பத்தெட்டு வயது, பதினாறு வருஷமாக இருக்கிறாளாம்.

கீழே இறங்கி வந்தேன். மணிமொழி கவுண்டரில் நின்றிருந்தாள். என்னைப் பார்த்ததும் கையிலிருந்த பையைக் கஸ்டமரிடம் கொடுத்துவிட்டு, அடுத்த பில்லை வாங்கிக்கொண்டே பேசினாள்.

"நாந்தான் எழுதாதன்னு சொன்னேனே சார்."

அதற்கு மேல் அவள் என் பக்கம் திரும்பவில்லை. எதிரே இருந்த நாற்காலியில் உட்கார்ந்தேன். பக்கத்து நாற்காலியில் ஒரு அம்மாள், மடித்த யூனிபார்ம் புடவையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். கணுக்கால் இரண்டும் வீங்கி, செருப்பு வார் தோலுக்குள் பதிந்திருந்தது. யார் என்று எனக்குப் புரிந்துவிட்டது. என்னை யார் என்று அவளுக்குத் தெரியாது. புடவையை வாங்கிக்கொண்டு கைநாட்டு வாங்க ஆள் வரவேண்டும் என்று காத்திருப்பதாகச் சொன்னாள். என் சட்டைப்பையில் இருந்த பேனாவையும் தோளில் மாட்டியிருந்த லேப்டாப் பையையும் பார்த்தாள்.

"நீ கம்ப்யூட்டர் வேலையா நைனா? என் லைன்ல ஓட்டை கீதாம். அது இன்னா ஓட்டைன்னு உனக்குத் தெரியுமா?"

தெரியும் என்றேன். ஐந்திலிருந்து ஏழு மணி வரைக்கும் நீங்கள் ஸ்கேன் செய்யவில்லை என்று அர்த்தம் என்றேன். அவள் ஒப்புக்கொண்டாள். அந்த நேரத்தில் கால் நிற்காதாம். இரண்டு வருஷமாக அப்படித்தான். ஆகவே பின்னால் ஸ்டாக் அறைக்குப் போய்விடுவாளாம். கட்டைப்பைகள் மூட்டையாக, சப்பையாக வரும். ஒவ்வொன்றாகப் பிரித்து, அடியில் அட்டை வைத்து, அளவுவாரியாக அடுக்க வேண்டும். அது ஸ்டோர் ஆட்கள் செய்யவேண்டியது, அவர்கள் செய்வதில்லை. பை தயாராக இல்லாவிட்டால் சாயங்காலக் கூட்டத்தில் பன்னிரண்டு பேரும் கையைப் பிசைந்துகொண்டு நிற்கவேண்டியதுதான். இது கவுண்டர் பெண்கள் தங்களுக்குள் செய்துகொண்ட ஏற்பாடு. தேவானை உட்கார்ந்து எல்லோருக்கும் பை அடுக்குவாள், அவள் நம்பர் நின்றுபோகாமல் மணிமொழி இரண்டு ஸ்கேனரை மாற்றி மாற்றி அடிப்பாள்.

"உக்காந்துக்கினு பை அடுக்குறேன். அத்த அது எண்ணாதா நைனா?"

எண்ணாது என்றேன்.

"அப்ப நீயாவது மேல போய்ச் சொல்லேன். படிச்சவன் சொன்னா கேப்பாங்க."

போனேன். இரண்டு இரண்டு படியாக ஏறினேன். அய்யாதுரையிடம் மூச்சு வாங்கச் சொன்னேன். படம் தப்பு, அந்த ஓட்டை ஓட்டை இல்லை, அந்த அம்மாள் பை அடுக்கிக்கொண்டிருந்தாள் என்று சொன்னேன். அவர் கெட்டவர் இல்லை. பொறுமையாகக் கேட்டார். நாளைக்கு எத்தனை பை, எந்தத் தேதியிலிருந்து, எங்கே பதிவாகியிருக்கிறது என்று கேட்டார். எங்கேயும் பதிவாகவில்லை என்றேன். தயவுசெய்து ஒரு மாதம் அவளை வைத்திருங்கள், நான் எண்ணித் தருகிறேன் என்றேன். பேரேட்டில் பேர் அடித்தாகிவிட்டது, முதலாளி கையெழுத்தும் ஆகிவிட்டது என்றார்.

"மணிமொழிக்கு நீங்க நம்பரோட வந்தீங்க, நம்பினேன். இந்த அம்மாவுக்கு வெறும் வாயால சொல்லுதீங்க. நான் என்னத்த சார் மேல காட்ட?"

இருபத்தெட்டு வரி எழுதி அவருக்கு அதைச் சொல்லிக்கொடுத்ததே நான்தான். அந்த அறையில் நின்றபோது எனக்கு என் மேலேயே அருவருப்பாக இருந்தது. மற்ற நான்கு மாடிக்கு எப்போது ஆரம்பிக்கிறீர்கள் என்று அவர் கேட்டது காதில் விழுந்தது. நான் போடமாட்டேன், கம்பியும் இல்லை, கலரும் இல்லை என்றேன். அவருக்குப் புரியவில்லை. ஸஹானாவிடம் பேசிக்கொள்வதாகச் சொன்னார்.

கீழே தேவானை அதே நாற்காலியில் இருந்தாள். யூனிபார்ம் புடவையை யாரோ வந்து வாங்கிக்கொண்டு போயிருந்தார்கள். கைநாட்டு வைத்ததற்கு அடையாளமாகக் கட்டைவிரலில் மை இருந்தது. என்ன சொன்னார் என்று கேட்டாள். எத்தனை பை என்று நம்பர் கேட்கிறார் என்றேன். அவள் உதடு அசைய எதையோ கணக்குப் போட்டுப் பார்த்தாள், பாதியில் விட்டுவிட்டாள்.

"யாரு எண்ணுனா நைனா? எண்ணிக்கினே அடுக்கியிருக்கணுமா?"

அந்தப் படத்தைப் போட்டவன் நான்தான் அம்மா என்று சொல்ல வாயைத் திறந்தேன். ஆட்டோ பிடித்துத் தரட்டுமா என்றுதான் வந்தது. வேண்டாம், பஸ் ஸ்டாண்டு பக்கம்தானே, நடந்துவிடுவேன் என்றாள். நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள். போகிற வழியில் கவுண்டர் மேல் சரிந்து கிடந்த நான்கைந்து கட்டைப்பைகளை எடுத்து, அடியில் அட்டை இருக்கிறதா என்று ஒவ்வொன்றாகத் தடவிப் பார்த்து, அடுக்கி வைத்துவிட்டு வெளியே போனாள்.